மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா? ஒரு சட்டச் சொல்லும் இருபது ஆண்டு விவாதமும்

திருவனந்தபுரம்: ஒரு சிறு நிறுவனத்தின் பொறியாளர்கள் எவரிடமிருந்தும் நகல் எடுக்காமல், தாங்களே சிந்தித்து ஒரு மென்பொருளை எழுதுகிறார்கள். அந்த மென்பொருளில் கையாளப்பட்ட ஒரு வழிமுறைக்கு வேறொருவர் முன்பே காப்புரிமை பெற்றிருந்தால், அதைப் பற்றி அறியாமலேயே எழுதியிருந்தாலும் அவர்களுக்கு நீதிமன்றம் தடையாணை விதிக்க முடியும். உலகெங்கும் மென்பொருள் காப்புரிமை குறித்த சர்ச்சையின் மையம் இதுவே.

இந்தியாவில் இந்தச் சர்ச்சை, காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் உள்ள (கே) உட்பிரிவைச் சுற்றியே நடைபெறுகிறது. 'கணினி நிரல் அதனளவில்' கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். 'அதனளவில்' என்ற பொருள்தரும் 'பெர் சே' என்னும் லத்தீன் தொடர் எதைத் தடுக்கிறது, எதை அனுமதிக்கிறது என்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முழுமையான விடை கிடைக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியத் தொடக்கக் களமான கேரளத் தலைநகருக்கு இந்த விவாதத்தில் தனி இடம் உண்டு.

பதிப்புரிமையும் காப்புரிமையும்

பேச்சுவழக்கில் இரண்டையும் 'காப்புரிமை' என்றே குறிப்பிடும் பழக்கம் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் இவை வேறு வேறானவை.

பதிப்புரிமை, எழுதப்பட்ட வடிவத்தைப் பாதுகாக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கணினி நிரல்கள் இலக்கியப் படைப்புகளாகக் கருதப்படுகின்றன. நாவலை நகலெடுப்பது எப்படிக் குற்றமோ, அப்படியே நிரலை அனுமதியின்றி நகலெடுப்பதும் குற்றம். ஆனால், ஒரே வேலையைச் செய்யும் இரு நிரல்களை இருவர் தனித்தனியே எழுதினால், இருவருக்கும் அவரவர் படைப்பின் மீது முழு உரிமை உண்டு.

காப்புரிமை, எழுத்தை அல்ல, அதன் பின்னுள்ள செயல்முறையைப் பாதுகாக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அந்தச் செயல்முறையைப் பயன்படுத்தப் பிறரைத் தடுக்கும் அதிகாரம் உரிமையாளருக்குக் கிடைக்கிறது. சுயமாகக் கண்டறிந்தேன் என்பது இங்கே தப்பிக்கும் வாதம் ஆகாது. காப்புரிமை இருப்பது தெரியாது என்று மெய்ப்பித்தால், இந்தியச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்படி இழப்பீட்டிலிருந்து விலக்குப் பெறலாம். எனினும், தடையாணை விதிக்கும் நீதிமன்றத்தின் அதிகாரம் அப்போதும் தொடரும்.

ஒரு மருந்தில் பெரும்பாலும் ஒன்றோ சிலவோ காப்புரிமைகளே அடங்கியிருக்கும். நடுத்தர அளவிலான ஒரு மென்பொருளிலோ பல்லாயிரம் சிறு வழிமுறைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒவ்வொன்றையும் எவரேனும் பதிவு செய்துள்ளனரா என்று தேடி முடிப்பது சிறு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய இயலாத செயல். விண்ணப்பங்கள் பொதுவாகத் தாக்கல் செய்யப்பட்ட 18 மாதங்களுக்குப் பிறகே வெளியிடப்படுவதால், இன்று தேடினாலும் கண்ணில் படாத உரிமைகோரல்கள் இருக்கக்கூடும்.

ஒரு படக்கோப்பின் கதை

இந்த இடர் எவ்வாறு நடைமுறைக்கு வரும் என்பதற்கு 'ஜிஃப்' படக்கோப்பு வடிவம் சான்றாகக் கூறப்படுகிறது. அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் இந்த வடிவத்தை வெளியிட்டது. கோப்பின் அளவைச் சுருக்க அது பயன்படுத்திய 'எல்இசட்டபிள்யூ' என்னும் வழிமுறைக்கு 1985-இலேயே அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. யூனிசிஸ் நிறுவனத்தின் வசம் இருந்த அந்த உரிமைக்குக் கட்டணம் கோரப்படும் என்ற அறிவிப்பு 1994 டிசம்பரில் வந்தபோது, ஜிஃப் உலகெங்கும் பரவிவிட்டிருந்தது. அதற்கு மாற்றாகவே 'பிஎன்ஜி' என்ற புதிய படவடிவம் தன்னார்வலர்களால் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003 ஜூன் மாதம் காலாவதியானது.

இசைக் கோப்புகளுக்கான 'எம்பி3' வடிவமும் இதே சிக்கலைச் சந்தித்தது. காப்புரிமை அச்சத்தால் பல லினக்ஸ் இயங்குதளங்கள் எம்பி3 இயக்கியை இயல்பாகச் சேர்க்காமல் இருந்தன. அதற்கான உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது 2017-இல்தான்.

கேரளம் ஏன் கவலைப்பட்டது?

நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2001 ஜூலை 20-ஆம் தேதி, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதே நகரில் தொடங்கிவைக்கப்பட்டது. அவ்விழாவுக்கு வந்திருந்த அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மேன், அதே ஆண்டு கொச்சி மாடல் பொறியியல் கல்லூரியில் மென்பொருள் காப்புரிமையின் ஆபத்து குறித்து விரிவாக உரையாற்றினார்.

மாநில அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும் 2001-இல்தான் உருவானது. பின்னர் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. திட்டத்தின் இன்றைய வடிவமான 'கைட்' நிறுவனம், பள்ளிகளிலுள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஜிஎன்யு/லினக்ஸ் பயன்படுத்துவதால் ஏறக்குறைய ரூ.3,000 கோடி உரிமக் கட்டணம் மிச்சமாகும் என 2019-இல் தெரிவித்தது. சர்வதேசக் கட்டற்ற, திறமூல மென்பொருள் மையமான 'ஐசிஃபோஸ்' நிறுவனத்தையும் கேரள அரசு திருவனந்தபுரத்திலேயே அமைத்துள்ளது.

கட்டற்ற மென்பொருள் முழுவதும் பதிப்புரிமைச் சட்டத்தை அடித்தளமாகக் கொண்டது. எழுதியவர் தம் படைப்பைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனைவருக்கும் அனுமதி தருகிறார். ஆனால், அந்த நிரலில் உள்ள ஒரு வழிமுறைக்குத் தொடர்பே இல்லாத மூன்றாம் நபர் காப்புரிமை வைத்திருந்தால், எழுதியவர் தரும் அனுமதியால் மட்டும் பயனில்லை. விலையின்றி விநியோகிக்கப்படும் மென்பொருளுக்கு ஒரு பிரதிக்கு இவ்வளவு என உரிமத்தொகை செலுத்துவதும் சாத்தியமில்லை. எனவே கட்டற்ற மென்பொருளை நம்பியுள்ள அரசுத் திட்டங்களுக்கு 3(கே) பிரிவு ஒரு பாதுகாப்பு அரண் என்பது ஆதரவாளர்களின் நிலைப்பாடு.

அவசரச் சட்டமும் அதன் முடிவும்

நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் உருவானது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அப்போது அதில் கணினி நிரல் பற்றிய குறிப்பு இல்லை. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு, 2003 மே 20 முதல் நடைமுறைக்கு வந்ததே (கே) உட்பிரிவு. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் அதனளவில், அல்காரிதம் எனப்படும் படிமுறை ஆகிய நான்கும் காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்புகள் அல்ல என அது கூறுகிறது.

உலக வர்த்தக அமைப்பின் 'டிரிப்ஸ்' உடன்பாட்டின்படி, மருந்துகளுக்கும் பொருள் காப்புரிமை வழங்க இந்தியாவுக்கு விதிக்கப்பட்ட காலக்கெடு 2005 ஜனவரி 1. அதற்குச் சில நாள்களுக்கு முன், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. மருந்துகள் பற்றிய திருத்தங்களோடு, (கே) உட்பிரிவும் அதில் மாற்றப்பட்டது. தொழில்துறைக்கான தொழில்நுட்பப் பயன்பாடாகவோ, வன்பொருளுடன் இணைந்தோ வரும் கணினி நிரல்களுக்குத் தடையில்லை என்ற விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. எந்த நிரலும் ஏதேனும் ஒரு வன்பொருளில்தான் இயங்க முடியும் என்பதால், இந்த விதிவிலக்கு தடையையே விழுங்கிவிடும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர்.

அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவில் இயங்கி வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் 18-ஐ இடது ஜனநாயக முன்னணி வென்றிருந்தது. திருவனந்தபுரம் தொகுதியின் உறுப்பினராக இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி.கே. வாசுதேவன் நாயர் இருந்தார். இடதுசாரிக் கட்சிகள் முன்வைத்த திருத்தங்களில் மென்பொருள் பிரிவை நீக்குவதும் ஒன்றாக இருந்தது.

2005 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியபோது அந்த விதிவிலக்கு கைவிடப்பட்டிருந்தது. 2002-இன் பழைய வாசகமே நீடித்தது. அதே ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, கணினி சார்ந்த கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை வழிகாட்டுதலை ஐரோப்பிய நாடாளுமன்றம் 648-க்கு 14 என்ற வாக்குகளில் நிராகரித்தது.

ரப்பர் காட்டிய எல்லைக்கோடு

'அதனளவில்' என்ற சொல் முழுத் தடையைக் குறிக்கவில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதே கேள்வி. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் உதவும்.

எண்களை ஒரு குறியீட்டு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கணக்கீட்டு முறைக்கு 1972-இல் அந்த நீதிமன்றம் காப்புரிமை மறுத்தது. அது வெறும் கணிதம் என்பது காரணம். ரப்பரைப் பதப்படுத்தும் அச்சின் வெப்பநிலையைத் தொடர்ந்து அளந்து, உரிய நேரத்தைக் கணினி கணக்கிட்டு அச்சைத் திறக்கும் முறைக்கு 1981-இல் அனுமதி அளித்தது. அங்கே கோரப்பட்டது சூத்திரம் அல்ல. ரப்பர் பொருளை உருவாக்கும் தொழில்முறை.

திருவனந்தபுரத்தில் உருவாகி 2018-இல் பயன்பாட்டுக்கு வந்த, பாதாளச் சாக்கடையைத் துப்புரவு செய்யும் 'பாண்டிகூட்' போன்ற இயந்திரங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். மென்பொருள் இயக்கும் என்ற காரணத்தால் மட்டும் அத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை மறுக்கப்படுவதில்லை. அதே நேரம், மாதச் சம்பளத்தைக் கணக்கிடும் நிரல் தடைக்குள் வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேடுபொறி, குறியாக்கம், செயற்கை நுண்ணறிவு போன்ற பரந்த வெளியில்தான் சர்ச்சை நீடிக்கிறது.

வழிகாட்டு நெறிமுறைகளில் மாறிய பொருள்

2005-க்குப் பின் நாடாளுமன்றம் இந்த வாசகத்தைத் தொடவில்லை. ஆனால், காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் அதன் நடைமுறைப் பொருளைப் பலமுறை மாற்றின.

2015 ஆகஸ்ட் 21-இல் வெளியான நெறிமுறைகள், தொழில்நுட்ப விளைவு இருந்தால் மென்பொருள் சார்ந்த கண்டுபிடிப்புகளை ஏற்கலாம் என்ற வகையில் அமைந்தன. கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் உள்நாட்டு மென்பொருள் தயாரிப்பாளர்களின் அமைப்பான 'ஐஸ்பிரிட்'டும் இதை எதிர்த்தன. அதே ஆண்டு டிசம்பர் 14-இல் அவை நிறுத்திவைக்கப்பட்டன. 2016 பிப்ரவரி 19-இல் வெளியான புதிய நெறிமுறைகள், புதுமையான வன்பொருளுடன் இணைந்திருந்தால் மட்டுமே பரிசீலிக்க வேண்டும் என்ற கடுமையான சோதனையை விதித்தன. 2017 ஜூன் 30-இல் அந்த நிபந்தனையும் நீக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே சட்டப் பிரிவுக்கு மூன்று விதமான விளக்கங்கள். 2025 ஜூலையில் செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட துறைகளுக்கான எடுத்துக்காட்டுகளுடன் மேலும் ஒரு பதிப்பு வெளியானது.

இந்த நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனால், விண்ணப்பத்தை முதலில் எடைபோடும் ஆய்வாளரின் கையில் இருப்பது இதுவே.

நீதிமன்றங்களின் பார்வை

துனீசியாவைச் சேர்ந்த ஃபெரித் அல்லானி, இணையத் தகவல்களை அணுகும் ஒரு முறைக்காக 2002-இல் இந்தியாவில் விண்ணப்பித்தார். அது நிராகரிக்கப்பட்ட வழக்கில் 2019 டிசம்பர் 12-இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவையோ பங்களிப்பையோ காட்டும் கண்டுபிடிப்பை அது கணினி நிரலைச் சார்ந்தது என்பதற்காகவே ஒதுக்க முடியாது எனக் கூறி, மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டது. 2023 மே மாதத்தில், பயனரின் அடையாளத்தை உறுதிசெய்யும் முறை தொடர்பான மைக்ரோசாஃப்டின் மேல்முறையீட்டிலும் நிராகரிப்பு ஆணையை அந்நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் ஓப்பன்டிவி நிறுவன வழக்கில், வணிக முறைகளுக்கான தடையில் 'அதனளவில்' என்ற வரம்பு இல்லாததால் அது முழுமையான தடை எனச் சுட்டிக்காட்டியது.

கேரள விண்ணப்பதாரர்களுக்குச் சென்னையின் முடிவுகளும் முக்கியமானவை. கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களின் விண்ணப்பங்கள் சென்னை காப்புரிமை அலுவலகத்துக்கே செல்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்ட பிறகு, அந்த அலுவலகத்தின் ஆணைகளுக்கு எதிரான மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கே இதற்கெனத் தனிப் பிரிவும் இயங்குகிறது.

எல்லை தாண்டினால் வேறு சட்டம்

காப்புரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. 3(கே) பிரிவின் பாதுகாப்பு இந்திய எல்லையோடு முடிந்துவிடும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு மென்பொருள் விற்கும் இந்திய நிறுவனம், அந்நாட்டுக் காப்புரிமைகளைக் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது. வழக்கு வந்தால் செலவை மென்பொருள் தந்தவரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை ஏற்றுமதி ஒப்பந்தங்களில் இடம்பெறுவதுண்டு.

அமெரிக்காவில் 1998-இல் 'ஸ்டேட் ஸ்ட்ரீட்' வழக்கின் தீர்ப்புக்குப் பின் மென்பொருள், வணிக முறைக் காப்புரிமைகள் பெருகின. ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் அமேசானின் முறை 1999-இல் காப்புரிமை பெற்றது. தானே எந்தப் பொருளையும் தயாரிக்காத என்டிபி என்ற நிறுவனத்துக்கு, பிளாக்பெர்ரி கைப்பேசி நிறுவனம் 2006-இல் 61.25 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2014-இல் 'ஆலிஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுவான கணினியில் செய்வதாலேயே ஓர் அருவமான கருத்து கண்டுபிடிப்பு ஆகிவிடாது எனத் தீர்ப்பளித்து, கதவைக் கணிசமாக மூடியது. நியூசிலாந்து 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கணினி நிரல்களுக்கு அதனளவில் காப்புரிமை இல்லை என எழுதிக்கொண்டது.

வேண்டும் என்போரின் வாதம்

காப்புரிமை வேண்டும் என்போரின் தரப்பும் வலுவானது. இன்று மருத்துவக் கருவி முதல் மின்வாகனம் வரை புதுமையின் பெரும்பகுதி மென்பொருளில்தான் உள்ளது. ஆய்வுக்குப் பெரும் தொகை செலவிட்ட சிறு நிறுவனத்தின் வழிமுறையைப் பெருநிறுவனம் ஒன்று வேறு சொற்களில் எழுதிக்கொண்டால், பதிப்புரிமையால் அதைத் தடுக்க இயலாது. முதலீட்டாளர்களும் காப்புரிமையை நிறுவனத்தின் சொத்தாகக் கருதுகின்றனர். புத்தொழில் நிறுவனங்கள் விண்ணப்பக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை பெறுகின்றன.

நாடாளுமன்றத்தின் வணிகத் துறை நிலைக்குழுவும் 2021 ஜூலையில் அளித்த தனது 161-ஆவது அறிக்கையில், செயற்கை நுண்ணறிவு சார்ந்த கண்டுபிடிப்புகளுக்கு இடமளிக்கும் வகையில் இச்சட்டத்தை மறுஆய்வு செய்யப் பரிந்துரைத்தது.

முன்வைக்கப்படும் சீர்திருத்தங்கள்

இரு தரப்பினரும் குறைசொல்லும் ஒரு விஷயம், இன்றைய தெளிவின்மை. நிரலாளருக்குத் தடையின் பாதுகாப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியாது. விண்ணப்பதாரருக்குக் காப்புரிமை கிடைக்குமா என்பதும் தெரியாது. அதற்கு விடையாகப் பேசப்படும் யோசனைகளில் முக்கியமானவை வருமாறு:

தெளிவான வரையறை: 'அதனளவில்' என்பதன் பொருளை நெறிமுறைகளுக்கு விடாமல், நாடாளுமன்றமே சட்டத்தில் விளக்க வேண்டும்.

முழுமையான வெளிப்படுத்தல்: தேர்ந்த நிரலாளர் படித்தவுடன் செய்துபார்க்கும் அளவுக்கு வழிமுறையை விண்ணப்பம் விவரிக்க வேண்டும். விளைவை மட்டும் சொல்லி, அதை அடையும் எல்லா வழிகளுக்கும் உரிமை கோருவதை அனுமதிக்கக் கூடாது.

குறுகிய காலம்: சில ஆண்டுகளில் பழையதாகிவிடும் துறைக்கு 20 ஆண்டு ஏகபோகம் மிகை என்பதால், மென்பொருளுக்குக் குறைந்த காலம் போதும் என்ற கருத்து உள்ளது. எனினும், எல்லாத் துறைகளுக்கும் குறைந்தது 20 ஆண்டு என டிரிப்ஸ் உடன்பாடு கூறுவதால் இது எளிதல்ல.

சுயமாகக் கண்டறிந்தவருக்கு விலக்கு: நகலெடுக்காமல் தானே உருவாக்கியதை மெய்ப்பிப்பவர் மீது வழக்குத் தொடர இயலாதபடி செய்ய வேண்டும்.

பயன்பாட்டுக்கு விலக்கு: காப்புரிமை வழங்கினாலும், பொதுப் பயன்பாட்டுக் கணினியில் நிரலை எழுதுவதும் இயக்குவதும் மீறல் ஆகாது என அறிவிக்கலாம் என்று ஸ்டால்மேன் 2012-இல் எழுதினார். காப்புரிமை பெற்ற அறுவைச் சிகிச்சை முறையைப் பின்பற்றும் மருத்துவருக்கு எதிராக நிவாரணம் பெற முடியாது என அமெரிக்கச் சட்டத்தில் 1996 முதல் உள்ள விலக்கை அவர் முன்மாதிரியாகக் காட்டினார்.

ஆட்சேபிக்கும் உரிமை

இந்தியச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு வலுவான கருவி, 25(1) பிரிவு. காப்புரிமை வழங்கப்படும் முன், தொடர்புடையவரா இல்லையா என்ற நிபந்தனையின்றி எவரும் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். அந்த வழிமுறை முன்பே வெளியாகிவிட்டது என்பதற்கான ஆவணத்தைக் கல்லூரி மாணவர் ஒருவரும் சமர்ப்பிக்க முடியும். வழங்கிய பின் ஓராண்டுக்குள் ஆட்சேபிக்கும் வாய்ப்பு, நலன் சார்ந்தவர்களுக்கு மட்டுமே உண்டு.

2024 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தங்கள், இதுவரை கட்டணமின்றி இருந்த முன் ஆட்சேபத்துக்குக் கட்டணம் விதித்தன. ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்வார். தாமதத்துக்காகவே போடப்படும் ஆட்சேபங்களை இது குறைக்கும் என்பது ஒரு தரப்பின் விளக்கம். பொதுநல நோக்கில் செயல்படும் சிறு அமைப்புகளுக்கு இது தடையாகும் என்பது எதிர்த்தரப்பின் அச்சம்.

வழக்கு வந்துவிட்டாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கலாம். அந்தக் காப்புரிமையையே ரத்து செய்யக் கோரி எதிர்மனு தாக்கலானால், வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். ஆனால், அதற்கான செலவையும் ஆண்டுகளையும் தாங்க முடியாத சிறு நிறுவனம், தன் பக்கம் நியாயம் இருந்தாலும் உரிமத்தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொள்வதே மலிவு என்ற முடிவுக்குத் தள்ளப்படலாம்.

நாடாளுமன்றம் திருத்தும் வரை சட்டத்தின் வாசகம் 2005-இல் இருந்தவாறே நீடிக்கும். அதன் எல்லையை, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் காப்புரிமை ஆய்வாளர்களும், ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றங்களும் வரைந்துகொண்டிருக்கின்றன.